ஜீப்ரா மீனின் இதயம் வளர்கிறது, அப்பாவுடையது ஏன் வளரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அப்பாவுக்கு எட்டு மாதம் முன்பு பெரிய மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. போன மாத எக்கோவில் இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 35 என்று வந்திருக்கிறது. ஜீப்ரா மீனிடம் கண்டுபிடித்த ஒரு புரதத்தை எலிக்குக் கொடுத்து இதயத்தைச் சரிசெய்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்தீர்கள். அது மனிதருக்கு எப்போது வரும், இப்போதே எங்காவது சோதனையில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: செய்தியைப் படித்த வேகத்தில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் ஐந்து ஜீப்ரா மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டதாகவும், அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு "இதுக்கு மட்டும் எப்படிடா வளருது" என்று கேட்டதாகவும். உங்கள் பதிவில் உள்ள நல்ல கேள்வி அவர் கேட்டதுதான். அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மருத்துவன் இல்லை. வளர்ச்சி உயிரியல் படித்தவன். மீனின் இதயத்தைக் காயப்படுத்தி, அது எப்படி ஆறுகிறது என்று பார்ப்பதுதான் எட்டு வருடம் என் வேலை. அதனால் மீனைப் பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எலியைப் பற்றிச் சொல்வது கட்டுரைகளைப் படித்தும், எலி வைத்து வேலை செய்யும் நண்பர்களிடம் வாதாடியும் தெரிந்துகொண்டது. உங்கள் அப்பாவின் மாத்திரை, சிகிச்சை பற்றி நான் முடிவு சொல்லக் கூடாது. கடைசியில் ஒன்றிரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், அதையும் அவருடைய இதய மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மீன் நம் பக்கத்து ஆள். கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் வயல்களிலும் ஓடைகளிலும் திரிவது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கையின் மீன்களைப் பற்றி எழுதியபோது இதற்கும் பெயர் வைத்தார். ஆய்வகத்துக்குள் கொண்டுபோனவர் அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 1981இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, கருவான 24 மணி நேரத்தில் இதயம் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது, அதைச் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். கருவின் வளர்ச்சியைப் படிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும். 2013இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுதாக வெளிவந்தபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் இணை இருப்பது தெரிந்தது. மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இதயம் வளர்வது தெரியவந்தது 2002இல். பாஸ்டனில் மார்க் கீட்டிங்கின் ஆய்வகத்தில் இருந்த கென்னத் பாஸ், வளர்ந்த மீனின் இதயக் கீழறையில் ஏறத்தாழ 20 சதவீதத்தை வெட்டி எடுத்தார். இரண்டு மாதத்தில் அந்த இடம் தழும்பு இல்லாமல் தசையால் நிறைந்துவிட்டது. மீனின் துடுப்பு வளரும் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். இதயம் வேறு கதை. துடுப்பை வெட்டினால் மீன் கொஞ்சம் தடுமாறி நீந்தும், அவ்வளவுதான். இதயம் ஒரு நிமிடம்கூட வேலையை நிறுத்த முடியாது. ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "இதயத்தை வெட்டினார்கள்" என்று படிக்கும்போது மனதில் வேறு ஏதோ படம் வருகிறது. மீன் உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதன் கீழறை ஒரு கடுகளவு. டிரைகெய்ன் என்ற மயக்க மருந்து கலந்த நீரில் விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் செவுள் அசைவு மெதுவாகும். ஈர ஸ்பாஞ்சில் கத்தியால் ஒரு பள்ளம் கீறி, அதில் மீனை வயிறு மேலே தெரியும்படி செருகுவோம். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, செவுளுக்குச் சற்றுப் பின்னால், கண் அறுவை சிகிச்சைக்கு வைத்திருக்கும் மாதிரியான சின்னக் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு. உள்ளே இதயத்தைச் சுற்றியுள்ள உறை வெள்ளிக் காகிதம்போல மின்னும். அதைத் திறந்து வயிற்றை லேசாக அழுத்தினால் கீழறை துடித்தபடி மேலே எட்டிப் பார்க்கும். நுனியை நறுக்கியதும் ரத்தம் குபுக்கென்று வரும். மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பிடித்தால் சில விநாடிகளில் உறைந்துவிடும். தையல் கிடையாது. நல்ல தண்ணீருக்குள் போட்டு, பிப்பெட்டால் செவுள்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை செய்தபோது அந்தச் செவுள் மறுபடி அசைகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. கை பழகிவிட்டால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கும். மறுநாள் காலையில் தீனி போட்டால் மேலே வந்து மற்ற மீன்களோடு முட்டி மோதித் தின்னும்.

நுனியை வெட்டுவது மாரடைப்பு மாதிரி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. மாரடைப்பில் தசை வெட்டிப் போவதில்லை. ரத்தம் கிடைக்காமல் அங்கேயே செத்துக் கிடக்கிறது. அதனால் 2011இல் பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் வேறு முறைக்கு வந்தன. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த உலோகக் கம்பியைக் கீழறையில் சில விநாடி தொட்டால் அந்த இடம் உறைந்து சாகும். செத்த தசை உள்ளேயே இருக்கும், முதலில் தழும்பும் விழும், மனிதருக்கு விழுவது மாதிரியே. ஆனால் மீனில் அந்தத் தழும்பு பிறகு கரைகிறது. இதற்கு இரண்டு மாதம் போதாது, நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சாய முறை உண்டு. இதயத்தை மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றினால் தசை ஆரஞ்சு நிறத்திலும், புதிதாக உறைந்த ரத்த நார் சிவப்பிலும், தழும்பின் கொலாஜன் நீலத்திலும் தெரியும். ஒரு வாரம் ஆன மீனை எடுத்தால் சிவப்பும் நீலமும் கலந்த பெரிய திட்டு. ஒரு மாதத்தில் நீலம் குறுகி, அதைச் சுற்றி ஆரஞ்சு ஏறி வந்துகொண்டிருக்கும். நான்கைந்து மாதம் ஆன மீனில் தேடித்தான் பார்க்க வேண்டும், ஓரத்தில் நூல் மாதிரி நீலம் மிஞ்சியிருந்தால் உண்டு. சீவல்களைப் பெயர் மறைத்துக் கொடுத்து "இதில் காயம்பட்டது எது" என்று புதிதாகச் சேரும் மாணவர்களைக் கேட்பது எங்கள் வழக்கம். பலர் காயமே படாத மீனைக் காட்டுவார்கள்.

வளர்வதிலும் ரகம் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல்லி வால் அறுந்தால் முளைக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். முளைத்த வாலுக்குள் முள்ளெலும்புகள் இருக்காது, வெறும் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். பார்வைக்கு வால், உள்ளே ஒப்பேற்றல். மீனின் இதயம் அப்படி ஒப்பேற்றுவதில்லை. புதுத் தசை பழைய தசையோடு சேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்கிறது, ரத்தக் குழாய்களும் உள்ளே ஓடுகின்றன.

அந்தப் புதுத் தசை எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த பெரிய சண்டை. எங்காவது ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள், ஒளிந்திருந்து வந்து நிரப்புகின்றன என்றுதான் பலர் நினைத்தார்கள். 2010இல் இரண்டு குழுக்கள், ஒன்று பாஸின் குழு, இன்னொன்று இஸ்பிசுவா பெல்மோந்தேயின் குழு, தசைச் செல்களுக்கு அழியாத நிற அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்தன. காயத்துக்கு முன்பே தசையாக இருந்த செல்களின் பிள்ளைகள்தான் புதுத் தசை என்று தெளிவாயிற்று. காயத்தின் ஓரத்தில் உயிரோடு இருக்கும் தசைச் செல்கள் தங்கள் முதிர்ச்சியைப் பாதி கழற்றி வைத்துவிட்டு, இரண்டாகப் பிரிந்து, மறுபடி முதிர்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

"முதிர்ச்சியைக் கழற்றி வைப்பது" என்றேன். அதுதான் கஷ்டமான இடம். இதயத் தசைச் செல்லுக்குள் சுருங்கி விரியும் இழைகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அந்தக் கட்டுமானத்தை அவிழ்த்தாக வேண்டும். ஓடுகிற தறியை நிறுத்தாமல் பாகங்களைக் கழற்றி இரண்டு தறியாகப் பூட்டுகிற வேலை. மீனின் தசைச் செல் சின்னது, இழைகள் குறைவு, பெரும்பாலும் ஒரே உட்கரு, அதில் குரோமோசோம்கள் வழக்கமான இரண்டு தொகுதி. நம்முடைய செல் பெரியது, இழைகள் நெருக்கமாக அடைந்திருக்கும், பலவற்றில் குரோமோசோம் தொகுதிகள் இரட்டிப்பாகி நிற்கும். டிஎன்ஏவை நகலெடுத்துவிட்டுப் பிரியாமல் பாதியில் நின்றுபோன செல்கள் அவை. 2018இல் ஒரு குழு மீனின் தசைச் செல்களையே வேண்டுமென்று இப்படி இரட்டிப்பாக்கிப் பார்த்தது. பாதிக்கு மேல் அப்படி ஆன இதயங்களால் காயத்தை நிரப்ப முடியவில்லை. ஆக இந்த இரட்டிப்பு வெறும் அடையாளம் மட்டுமில்லை, அதுவே ஒரு தடைதான். மனிதரிலும் முக்கியத் தடை அதுதானா, அதை நீக்கினால் போதுமா என்பது இன்னும் முடிவாகாத விஷயம்.

இனி அப்பாவின் கேள்விக்கு நேராக வருகிறேன். மீனிடம் ஏதோ ஒரு மரபணு இருக்கிறது, நம்மிடம் அது இல்லை என்று நினைப்பது இயல்பு. நானும் ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்பதற்கு நல்ல சாட்சி எலிக்குட்டி. 2011இல் டெக்சாஸின் டல்லாஸில் ஹெஷாம் சாதெக், எரிக் ஓல்சன் குழு, பிறந்து ஒரு நாள் ஆன எலிக்குட்டியின் இதய நுனியை வெட்டியது. மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது. அதையே ஏழு நாள் ஆன குட்டியிடம் செய்தபோது தழும்புதான் விழுந்தது. ஒரே எலி, அதே மரபணுக்கள், ஒரு வாரத்தில் திறமை போய்விட்டது. இதில் ஒரு சர்ச்சையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: 2014இல் வேறொரு குழு ஒரு நாள் குட்டியிலும் முழுதாக வளர்வதைக் காண முடியவில்லை என்று எழுதியது. எவ்வளவு வெட்டினோம், எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது என்பது என் எண்ணம். ஆனால் பிறந்த குட்டியின் இதயத்துக்கு வளர்ந்த எலியைவிட ஆறும் சக்தி மிக அதிகம் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். மனிதரிலும் பெரிய மாரடைப்பு வந்த ஒரு பச்சைக்குழந்தையின் இதயம் வியக்கத்தக்க வகையில் தேறியதை 2016இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு குழந்தை, அதனால் அதைப் பெரிதாக்கக் கூடாது.

வளர்ந்த மனிதருக்குச் சுத்தமாக வளர்வதில்லையா? அதற்கும் அளவு இருக்கிறது, அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது, அப்படி வெடிப்பதைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் இருந்த அளவு அதன் டிஎன்ஏவில் முத்திரை மாதிரி தங்கிவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் யோனாஸ் ஃப்ரிசன் குழு இறந்தவர்களின் இதயச் செல்களில் அந்த முத்திரையைப் படித்து 2009இல் கணக்குச் சொன்னது: 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் தசைச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் 0.45 சதவீதம். ஒரு பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்வரை சாகலாம். வருடத்துக்கு ஒரு சதவீதம் அதற்கு எந்த மூலைக்கு?

மீன்களெல்லாம் வளர்க்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் மெடாக்கா மீனும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் நல்ல மாதிரி உயிரிதான், பார்த்தால் ஜீப்ரா மீனின் தம்பி மாதிரி இருக்கும். அதன் இதயம் வளர்வதில்லை. இன்னும் சுவாரசியம் மெக்சிகோ குகை மீன். ஒரே இனம், ஆற்றில் வாழ்வது ஒரு வகை, இருட்டுக் குகையில் கண்ணிழந்து வாழ்வது இன்னொரு வகை. ஆக்ஸ்ஃபோர்டில் மத்தில்டா மொம்மர்ஸ்டீக் குழு 2018இல் காட்டியது: ஆற்று மீனின் இதயம் வளர்கிறது, குகை மீனுக்குத் தழும்பு விழுகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்றால், ஒற்றை மரபணுவைத் தூக்கிக் கொடுத்துத் தீர்க்கிற விவகாரம் இல்லை இது.

நாம் ஏன் இதை இழந்தோம் என்பதற்கு ஓர் அழகான யூகம் உண்டு. பிறந்ததும் தைராய்டு ஹார்மோன் கூடுகிறது, உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது, அதற்கு இதயம் வேகமாக, பலமாக உழைக்க வேண்டும், அந்த உழைப்புக்காகச் செல்கள் பிரியும் வேலையை விட்டுவிடுகின்றன என்பது. 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் குவோ ஹுவாங் குழு இதற்குச் சான்று தந்தது. எலியில் தைராய்டு சமிக்ஞையைத் தடுத்தால் தசைச் செல்கள் பிரியும் தன்மையைக் கூடுதலாக வைத்திருக்கின்றன. ஜீப்ரா மீனுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தால் இதயம் வளர்வது கெடுகிறது. எனக்கு நம்பத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதும் நிரூபணமும் ஒன்றில்லை. மெடாக்காவும் குளிர்ரத்தப் பிராணிதானே, அது ஏன் வளர்க்கவில்லை என்று யாராவது கேட்டால் இந்தக் கதை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் படித்த செய்தி, விவரங்களைப் பார்த்தால் 2025 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் நிலையத்தில் ஜெரோன் பாக்கர்ஸ் குழு வெளியிட்டது. அவர்கள் மீனிலும் எலியிலும் காயத்தின் ஓரத்துத் தசையை எடுத்து, எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஹெச்எம்ஜிஏ1 என்ற புரதம் மீனில் காயம்பட்டதும் கூடுகிறது, வளர்ந்த எலியில் கூடுவதில்லை. டிஎன்ஏ நூல்கண்டு இறுகச் சுற்றியிருக்கும் இடங்களைத் தளர்த்துவது அதன் வேலை. கருவில் இருந்தபோது பேசிவிட்டு அப்புறம் வாய் மூடப்பட்ட மரபணுக்கள் அதனால் மறுபடி திறக்கின்றன. காயம்பட்ட எலியின் இதயத்தில் ஒரு வைரஸ் வண்டி மூலம் அந்த மரபணுவை இறக்கியபோது தசைச் செல்கள் பிரிந்தன, இதயம் பம்ப் செய்வதும் மேம்பட்டது. காயம் படாத பகுதியில் செல்கள் பிரியவில்லை, இதயம் வீங்கிப் பெருக்கவும் இல்லை.  துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியமான வரி. இன்னொன்று, இது மீனிடமிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய பொருள் இல்லை. இதே மரபணு உங்கள் அப்பாவிடமும் இருக்கிறது, தாயின் வயிற்றில் இருந்தபோது வேலையும் செய்தது. பல புற்றுநோய்களிலும் இதே புரதம் மிகையாக வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையின் எல்லை எலி வரைதான்.

எலியிலிருந்து மனிதருக்கு உடனே தாவ எல்லாரும் ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்குப் பன்றிகளின் கதை. பன்றியின் இதயம் அளவிலும் துடிப்பிலும் நம்முடையதற்குப் பக்கம். 2019இல் இத்தாலியைச் சேர்ந்த மௌரோ ஜாக்கா உள்ளிட்ட குழு, தசைச் செல்களைப் பிரியத் தூண்டும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவை (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு), அதன் பெயர் 199ஏ, மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளுக்குக் கொடுத்தது. ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அவர்கள் நிறுத்தாமல் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை அடுத்த வாரங்களில் திடீரெனத் துடிப்பு தாறுமாறாகிச் செத்தன. தூண்டுதல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. முதிராத தசைச் செல்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்து, அதது தன் தாளத்தில் மின்சாரத்தைக் குழப்பிவிட்டன. அந்தக் கட்டுரையை அவர்கள் மறைக்காமல் எழுதியதற்கு நான் தலைவணங்குகிறேன். இன்றுவரை எங்கள் துறையில் யாராவது உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் பின்வரிசையிலிருந்து ஒருவர் "பன்றி" என்று சொன்னால் போதும்.

தூண்டுவது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. பத்து வழி இருக்கிறது. சரியான இடத்தில் மட்டும் தூண்டி, வேலை முடிந்ததும் நிறுத்துவதுதான் பிரச்சினை. மீன் அதைச் செய்கிறது. ஒரு வாரத்தில் பிரிதல் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும், செல்கள் மறுபடி முதிர்ந்து வரிசையில் சேரும். என்னைக் கேட்டால் மீனிடம் திருட வேண்டியது இந்த நிறுத்தத்தைத்தான். அந்தத் திசையில் ஒரு நல்ல வேலை பாஸ் இப்போது நடத்தும் குழுவிலிருந்து வந்தது. காயம்பட்டால் மட்டும் விழித்து, ஆறியதும் தூங்கிவிடும் சில டிஎன்ஏ துண்டுகளை அவர்கள் மீனில் 2016இல் கண்டுபிடித்தார்கள். அவை மரபணுக்கள் இல்லை, மரபணுவை இயக்கும் சுவிட்சுகள். 2023இல் அந்த மீன் சுவிட்சைப் பொருத்திய மரபணுவை எலிக்கும் பன்றிக்கும் கொடுத்துப் பார்த்தபோது காயம்பட்ட இடத்தில் அது விழித்தது. பல கோடி வருடம் முன்பு பிரிந்துபோன மீனின் சுவிட்சைப் பன்றியின் செல் புரிந்துகொள்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அது மனிதருக்கு மருந்தாகும் தூரம் எவ்வளவு என்று வருடக் கணக்கில் என்னிடம் கேட்காதீர்கள். அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சோதனையில் சேர்ப்பது பற்றி. உள்ளிருக்கும் செல்லைப் பிரிய வைப்பதற்குப் பதில் வெளியே வளர்த்த தசையை ஒட்டுவது இன்னொரு பாதை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயத் தசைத் துண்டைக் குரங்குகளில் ஒட்டிப் பார்த்து, இதயம் பலவீனமான ஒரு நோயாளிக்கும் ஒட்டியதை 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். கவனமாக, மெதுவாக நடக்கும் வேலை அது. இதற்கு நேர்மாறாக, ஊசியில் ஸ்டெம் செல் போட்டு இதயத்தைப் புதுப்பிக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. இதயத்தில் ஸ்டெம் செல் இருப்பதாகச் சொல்லி வருடக்கணக்கில் வந்த கட்டுரைகளில் 31ஐத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பரிந்துரைத்தது. அவ்வளவு பேர் அவ்வளவு காலம் அந்தப் பொய்க்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். நம் நாட்டில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ரத்த நோய்களுக்கு மாற்றுவது போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சை தவிர மற்றதெல்லாம் பதிவு செய்த சோதனையாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. யாராவது அழைத்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை, ஆனால் பில் உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவின் 35 பற்றி நான் சொல்லக்கூடியது இரண்டே. மாரடைப்புக்குப் பிறகு பலவீனமாகத் தெரியும் தசை எல்லாமே செத்த தசை இல்லை. கொஞ்சம் மரத்துப்போய் உயிரோடு இருக்கும் பகுதியும் உண்டு. இப்போது தரப்படும் இதயச் செயலிழப்பு மாத்திரைகளைச் சரியான அளவுக்குப் படிப்படியாக ஏற்றினால் பலருக்கு அந்த எண் ஏறுகிறது. அளவு முழுதாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, மாரடைப்பு முடிந்து இவ்வளவு மாதம் கழித்தும் இஎஃப் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், திடீர்த் துடிப்புக் கோளாறைத் தடுக்கும் ஐசிடி கருவி தேவையா என்ற பேச்சு வர வேண்டும். வந்ததா என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே எடுங்கள்.

கடைசியாக அப்பாவிடம் சொல்ல: இதுக்கு மட்டும் வளரவில்லை. அவருக்கும் வளர்ந்தது, பிறப்பதற்கு முன்பு. பிறந்தபின் அந்த வேலையை மூட்டை கட்டிவைத்துவிட்டு, இத்தனை வருடம் நிற்காமல் அடிக்கும் வேலைக்கு அவர் இதயம் போய்விட்டது. மூட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எப்படி அவிழ்ப்பது என்பதைத்தான் அந்தத் தொட்டியில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தொட்டியைப் பற்றியும் ஒன்று. ஐந்து போதாது, இவை கூட்டமாகத் திரிபவை, எட்டு பத்தாக்குங்கள். தண்ணீர் 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் சுறுசுறுப்பாக இருக்கும், சென்னையில் அதற்கு ஹீட்டர் தேவைப்படாது. கட்டாயம் மூடி போடுங்கள். நன்றாகத் துள்ளும். என் எட்டு வருடத்தில் கத்தரிக்கோலுக்குப் பிழைத்த மீன்கள் எத்தனையோ, இரவில் மூடி சரியாகப் போடாத தொட்டியிலிருந்து துள்ளி, காலையில் தரையில் காய்ந்து கிடந்திருக்கின்றன.